ஊசி வைத்தியமும் வாய் விளம்பரமும்

சென்ற வாரம் நமது நண்பர் ஒருவர் ஒரு துண்டு விளம்பரத்தைக் கொண்டுவந்து நமது மேஜைமேல் போட்டு, "இதற்கு என்ன சொல்லுகின்றீர்கள்?" என்று கேட்டார். அது ஒரு அக்குபங்சர் வைத்தியருடைய விளம்பரம். அதாவது மருந்தில்லாமல், கத்தியில்லாமல், மெல்லிய ஊசிகளை உடம்பில் குத்தி நோயைப் போக்குவதாகச் சொல்லப்படும் சீன வைத்தியம். அந்த வைத்தியர் எங்கு படித்தார், எத்தனை வருஷம் படித்தார், எந்த நோய்க்கு எத்தனை தடவை ஊசி போடுவார், தடவைக்கு எவ்வளவு பணம் என்கின்ற விஷயங்களில் ஒன்றாவது அதில் இல்லை. இருந்ததெல்லாம் என்னவென்றால், குணமடைந்தவர்கள் என்று 10, 12 பேருடைய படங்களும், அவர்கள் சொன்னதாகச் சில புகழ்மொழிகளும், கடைசியில், "3 பேரை அழைத்து வந்தால் உங்களுக்கு ஒரு தடவை இனாம்" என்கின்ற வாசகமுமேயாகும்.

நாம் சிரித்தோம். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் முதுகுவலி இவரிடம்தான் குறைந்தது. குணமானவன் வாயால் சொல்லுவதைவிட வேறு என்ன ருஜு உங்களுக்கு வேண்டும்?" என்று கேட்டார். இது நியாயமான கேள்வி. ஆதலால் நியாயமான பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

முதலில் ஒன்று சொல்லி விடுகின்றோம். ஊசி வைத்தியர்கள்மீது நமக்கு யாதொரு துவேஷமும் இல்லை. கற்ற தொழிலை விருத்தி செய்துகொள்ள ஆசைப்படுவது குற்றமல்ல. சுகம் கண்ட நோயாளி மற்றொரு நோயாளியை அனுப்புவதும் குற்றமல்ல. தச்சன், தையல்காரன், வக்கீல் ஆகிய எல்லோருடைய தொழிலும் அப்படித்தான் வளருகின்றது. ஆனால் நாற்காலி ஆடினால் தச்சனுடைய யோக்கியதை அன்றைக்கே தெரிந்துவிடும். சட்டை பிடித்தால் தையல்காரனுடைய யோக்கியதை போட்ட உடனே தெரிந்துவிடும். வைத்தியனுடைய யோக்கியதை அப்படித் தெரியுமா என்பதுதான் கேள்வி.

குணமானவனுடைய சாட்சி

முதுகுவலிக்காரன் எப்பொழுது வைத்தியனிடம் போகின்றான்? வலி லேசாக இருக்கும்போது யாரும் போவதில்லை. எழுந்திருக்க முடியாமல், வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் போகின்றான். உச்சத்திற்குப் போனது பெரும்பாலும் தானாகவே இறங்கும். அந்தச் சமயத்தில் ஊசி குத்தினால் ஊசிக்குப் பேர். திருநீறு பூசினால் திருநீற்றுக்குப் பேர். தாயத்துக் கட்டினால் தாயத்துக்குப் பேர். ஒன்றுமே செய்யாமல் பாயில் படுத்துக்கிடந்தவனுக்கும் இறங்கியிருக்கும். ஆனால் பாய்க்கு விளம்பரம் போடுகின்றவர் யாருமில்லை.

கோயில்களில் வெள்ளியால் செய்த கண்ணும் காலும் கையும் காணிக்கையாகக் கிடப்பதைப் பார்த்திருக்கின்றீர்கள். கண் தெரிந்தவன் வெள்ளிக்கண் போட்டான். வேண்டிக்கொண்டும் கண் தெரியாமலேயே போனவன் என்ன போட்டான்? அவன் போட்டது ஒன்றும் உண்டியலில் இல்லை. அவனுடைய கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. வைத்தியருடைய விளம்பரமும் இதே உண்டியல்தான். 100 பேர் வந்து 40 பேர் சுகப்பட்டால் 40 பேரும் தெருத்தெருவாகச் சொல்லுகின்றார்கள். மீதி 60 பேர் பணத்தையும் இழந்து, ஏமாந்தோம் என்று சொல்ல வெட்கப்பட்டு, வாயை மூடிக்கொண்டு வேறு இடம் தேடிப் போய்விடுகின்றார்கள். பேசுகின்றவனை மாத்திரம் எண்ணி, பேசாதவனை எண்ணாமல் விடுவது கணக்காகுமா?

ஊசியின் பூர்வோத்திரம்

"2000 வருஷத்து வைத்தியம் பொய்யாகுமா?" என்று அடுத்தபடியாகக் கேட்பார்கள். வயதினால் ஒன்று மெய்யாகுமானால் உலகத்தில் பொய்யே இருக்க முடியாது. சூரியன் பூமியைச் சுற்றுகின்றது என்பது இதைவிடப் பழைய அபிப்பிராயம்.

இவ்வைத்தியத்தின் மூல நூல் 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்பது. சுமார் 2000 வருஷங்களுக்கு முன் தொகுக்கப்பட்டது. உடம்பில் 'சீ' என்கின்ற சக்தி 12 பெரிய நாடிகளில் ஓடுகின்றது என்றும், அது தடைப்பட்டால் நோய் என்றும் அது சொல்லுகின்றது. ஏன் 12? சீன தேசத்தில் 12 பெரிய ஆறுகள் ஓடுவதாக எண்ணி, நாடிகளை அவற்றோடு ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டியிருக்கின்றார்கள். குத்தும் இடங்கள் ஏன் 365? வருஷத்திற்கு 365 நாளாகையினால்! அந்நூலை நமது தஞ்சை ஜில்லாக்காரர் யாராவது எழுதியிருந்தால் நம் உடம்பில் காவிரியும் வெண்ணாறும் வெட்டாறும் ஓடியிருக்கும். உடம்பை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இரத்தக் குழாய் தெரிந்தது, நரம்பு தெரிந்தது. 'சீ' ஓடும் குழாய் இன்றுவரை யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

சீனர்களே இதை எப்பொழுதும் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள் என்பதும் உண்மையல்ல. 1822-ம் வருஷத்தில் சீனச் சக்கரவர்த்தி தாவோகுவாங் இந்த ஊசி வைத்தியத்தை அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து நீக்கிவிட்டார். 1929-ல் அந்நாட்டுச் சர்க்காரின் சுகாதாரக் குழு பழைய வைத்தியத்தை அடியோடு ஒழிப்பதென்றே தீர்மானித்தது. வைத்தியர்களும் மருந்து வியாபாரிகளும் கூடிக் கிளர்ச்சி செய்ததால் அது நிறைவேறவில்லை. 1930-களில் செங் தானான் என்பவர் பழைய தடித்த கருவிகளுக்குப் பதில் மெல்லிய ஊசிகளைப் புகுத்தி, குத்தும் இடங்களையும் இரத்தக் குழாய்களை விட்டு விலக்கி மாற்றியமைத்தார். ஆகவே "ஆதிகாலத்து அழியாத முறை" என்று சொல்லி இன்று குத்தப்படும் ஊசிக்கு வயது 100 வருஷம்கூட நிரம்பவில்லை. பிறகு வந்த மாவோ, டாக்டர்கள் போதாத நாட்டில் இதற்குப் பெரிய ஆதரவு கொடுத்தார். ஆனால் அவருடைய சொந்த வைத்தியராயிருந்த லி ஷிசுய் 1994-ல் வெளியிட்ட நூலில், மாவோ தமக்குச் சீன வைத்தியத்தில் நம்பிக்கை இல்லையென்று தம்மிடம் சொன்னதாக எழுதியிருக்கின்றார். ஊருக்குத்தான் உபதேசம்!

ஒரு வார்த்தை வளர்ந்த விதம்

வாய்ப்பேச்சு எப்படி வளரும் என்பதற்கு இந்த வைத்தியமே ஒரு நல்ல உதாரணம். 1971-ம் வருஷம் ஜூலை மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையைச் சேர்ந்த ஜேம்ஸ் ரெஸ்டன் என்பவர் பீகிங் நகரம் போயிருந்தபோது அவருக்குக் குடல்வால் நோய் வந்தது. அங்குள்ள ஆஸ்பத்திரியில், எல்லா நாட்டு டாக்டர்களும் செய்வதுபோலவே மரத்துப்போகும் மருந்தை ஊசிவழியாக ஏற்றி, ஆபரேஷன் செய்து குடல்வாலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு வயிற்றில் வாயு உப்பி அவர் கஷ்டப்பட்டபோது, முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி குத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் உபாதை தணிந்தது. இதை அவர் உள்ளது உள்ளபடி ஜூலை 26-ந் தேதி எழுதினார்.

இந்தச் சங்கதி வாய்க்கு வாய் மாறி என்ன ஆயிற்று? "அமெரிக்கப் பத்திரிகைக்காரருக்கு மயக்கமருந்தே இல்லாமல், வெறும் ஊசியைக் குத்தியே வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்தார்கள்" என்று ஆயிற்று. இன்றைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிகின்றவர்கள் உண்டு. எழுதி அச்சுப்போட்ட சங்கதியே இப்படிக் கை கால் முளைத்து நடக்குமானால், எதிர்வீட்டுத் திண்ணையில் சொல்லப்பட்ட "என் தங்கை மாமனாருக்குக் குணமாயிற்று" என்கின்ற சங்கதி நம்மிடம் வந்து சேரும்போது எவ்வளவு முளைத்திருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

எண்ணிப் பார்த்தவர்கள்

நிற்க, சாட்சி வேண்டாம், கணக்கு வேண்டும் என்றால் கணக்கும் இருக்கின்றது. ஜெர்மன் தேசத்தில் பல வருஷங்களாக முதுகுவலியால் அவதிப்பட்ட 1162 பேரை 3 கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்திற்குச் சீன நூலில் சொன்ன இடத்தில் ஊசி. இரண்டாவது கூட்டத்திற்குச் சம்பந்தமில்லாத இடத்தில் மேலாக ஒரு பொய்க்குத்து. மூன்றாவது கூட்டத்திற்கு வழக்கமான மருந்தும் தேகப்பயிற்சியும். 6 மாதம் கழித்து எண்ணினார்கள். 2007-ல் வெளியான முடிவு என்னவென்றால், மெய்யான ஊசியில் சுகப்பட்டவர்கள் 100-க்கு 47.6 பேர், பொய் ஊசியில் 100-க்கு 44.2 பேர், வழக்கமான வைத்தியத்தில் 100-க்கு 27.4 பேர்.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஊசி வைத்தியர்கள் 47-ஐயும் 27-ஐயும் மாத்திரம் காட்டி மார் தட்டுகின்றார்கள். நடுவிலுள்ள 44-ஐ மறைத்து விடுகின்றார்கள். எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒரே பலன் என்றால், 12 நாடியும் 365 இடமும் எங்கே போயின? குத்தும் இடத்தைப் படிப்பதற்காக வருஷக்கணக்கில் செலவழித்த படிப்பு எதற்கு ஆயிற்று?

அதேசமயம் நாம் ஒருபக்கமாகவே பேச விரும்பவில்லை. 2018-ல் 39 பரீட்சைகளில் கலந்துகொண்ட 20,827 நோயாளிகளின் கணக்கை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுவலி, தோள்வலி, தலைவலி ஆகியவற்றில் மெய் ஊசிக்குப் பொய் ஊசியைவிடச் சிறிது அதிகப் பலன் தெரிந்தது. சிறிதுதான்; ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் சர்க்காருக்கு யோசனை சொல்லும் 'நைஸ்' என்கின்ற நிலையம் 2009-ல் முதுகுவலிக்கு இதைச் சிபார்சு செய்து, 2016-ல் அந்தச் சிபார்சை வாபஸ் வாங்கி, 2021-ல் காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம் என்றது. பார்த்ததற்குத் தக்கபடி அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளுவது அறிவுக்கு அழகு. "முன்னோர் சொன்னார், ஆகையால் மாற்றமாட்டோம்" என்பதற்கும் இதற்குமுள்ள வித்தியாசத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இதிலிருந்து ஏற்படும் முடிவு, சில வலிகளுக்கு இது ஓரளவு ஆறுதல் தரலாம் என்பதேயாகும். சர்க்கரை வியாதி, புற்றுநோய், க்ஷயம், மாரடைப்பு ஆகியவற்றை இது போக்கும் என்பதற்கு ஒரு துரும்பு ஆதாரமும் இல்லை.

அன்பான வார்த்தையின் பலன்

அப்படியானால் பொய் ஊசியிலும் 44 பேர் சுகப்பட்டது எப்படி? இதற்கும் பரீட்சை இருக்கின்றது. 1998-ல் ஜெர்மன் டாக்டர்கள், நாடகத்தில் குத்தும் கத்தியைப்போல, தோலில் பட்டவுடன் தன் கைப்பிடிக்குள்ளேயே நழுவிக்கொள்ளும் ஒரு பொய் ஊசியைச் செய்தார்கள். அமெரிக்காவில் குடல் உபாதையுள்ள 262 பேரை வைத்து நடத்திய பரீட்சை 2008-ல் வெளிவந்தது. காத்திருக்கச் சொல்லி ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் 3 வாரத்தில் 100-க்கு 28 பேருக்குப் போதுமான சுகம். அதிகம் பேசாமல் பொய் ஊசி வைத்தவர்களில் 100-க்கு 44 பேருக்குச் சுகம். அதே பொய் ஊசியோடு, முதலில் 45 நிமிஷம் உட்கார்ந்து, நோயாளியின் கஷ்டங்களைப் பரிவோடு கேட்டு, தைரியம் சொன்னபோது 100-க்கு 62 பேருக்குச் சுகம்.

இது ஊசிக்குக் கிடைத்த வெற்றி அல்ல. காது கொடுத்துக் கேட்டதற்குக் கிடைத்த வெற்றி. நமது பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கின்றது. நோயாளியின் முகத்தைப் பாராமல் 2 நிமிஷத்தில் சீட்டெழுதி, "அடுத்த ஆள்" என்று கூப்பிடுகின்ற டாக்டர்தான் ஊசி வைத்தியருக்கு முதல் தரமான தரகர். ஜனங்கள் அங்கே அவமானப்பட்டுத்தான் இங்கே ஓடி வருகின்றார்கள். ஏழை என்றும், படிக்காதவன் என்றும் அவனிடம் விவரம் சொல்லாமல் விட்டவர்களுக்கு, அவன் ஏமாந்ததைப் பார்த்துச் சிரிக்க என்ன யோக்கியதை இருக்கின்றது?

உயிர் போகும் இடம்

"எப்படியாயினும் சுகம்தானே? ஊசியில் என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். முதல் நஷ்டம், ஊசியே. சுத்தம் செய்யாத ஊசியால் ஒருவருடைய மஞ்சள்காமாலைக் கிருமி மற்றொருவர் இரத்தத்தில் ஏறும். மார்பில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் ஓட்டையாகிக் காற்று வெளியேறி மூச்சுத் திணறும். இவை அபூர்வமேயாயினும் நடந்திருக்கின்றன.

இரண்டாவது நஷ்டம் இதைவிடக் கொடியது. அது, குத்தின ஊசியால் அல்ல, நிறுத்தின மருந்தால் வருவது. 1922-க்கு முன் இன்சுலின் கிடையாது. உடம்பில் அது சுரக்காத குழந்தைகள் சாவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மருந்து கிடைத்து 90 வருஷங்களுக்கு மேல் சென்றபின், 2015-லும் 2016-லும் என்ன நடந்தது? உடம்பின் நாடிகளில் உள்ள அடைப்பைக் கையால் அறைந்து நீக்குவதாகச் சொல்லிப் பல நாடுகளில் வகுப்பு நடத்திய ஒரு ஆசாமியின் வகுப்புக்கு வந்து இன்சுலினை நிறுத்திய ஒரு சிறு பையன் ஆஸ்திரேலியாவிலும், ஒரு வயதான அம்மாள் இங்கிலாந்திலும் மாண்டுபோனார்கள். இரண்டு நாட்டுக் கோர்ட்டுகளும் அந்த ஆசாமியைத் தண்டித்தன. தண்டனை வந்தது, உயிர் வரவில்லை. அது ஊசி அல்ல, அறைதானே என்று சமாதானம் சொல்லலாம். நாடி என்கின்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். "மருந்தை நிறுத்து" என்கின்ற வார்த்தை எந்த வாயிலிருந்து வந்தாலும் சாவும் ஒன்றுதான்.

தரகும் சட்டமும்

அந்தத் துண்டு விளம்பரத்துக்கு மறுபடியும் வருவோம். "3 பேரை அழைத்து வந்தால் இனாம்" என்பதற்கு என்ன அர்த்தம்? நேற்றுவரை நோயாளியாக இருந்தவன் இன்று தரகன் ஆகின்றான். அவன் வாய் இனிமேல் சாட்சி வாய் அல்ல, கூலி வாய். மாட்டுத்தரகன் மாட்டைப் புகழ்ந்தால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நாம் மாடு வாங்குகின்றோமா? உடம்பு மாட்டைவிட மலிவா?

இதை மற்ற நாட்டார் அறிந்துதான் சட்டம் செய்தார்கள். அமெரிக்காவில் சர்க்கார் பணத்தில் நடக்கும் வைத்தியத்திற்கு ஆள் பிடித்துக் கொடுக்கக் கூலி கொடுப்பதும் வாங்குவதும் குற்றமென்று 1972-ல் சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவில் 2012-ல் சீன வைத்தியர்களைத் தேசியப் பதிவுச் சட்டத்திற்குள் கொண்டுவந்தபோது, நோயாளிகளின் புகழ்மொழிகளை விளம்பரத்தில் போடக்கூடாது என்கின்ற தடைக்கும் அவர்கள் உட்பட்டார்கள். நம் நாட்டிலும், நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் கூடாதென்று பதிவுபெற்ற டாக்டர்களுக்கு 2002-ம் வருஷத்து விதிகளிலேயே இருந்தது. அந்த விதியை அநேக டாக்டர்கள் காற்றில் பறக்கவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அதுவும் கண்டிக்க வேண்டியதே.

யோக்கியமான வைத்தியர் சொல்ல வேண்டியது

அப்படியானால் யோக்கியமான ஊசி வைத்தியர் பிழைக்க வேண்டாமா என்றால், தாராளமாகப் பிழைக்கட்டும். ஆனால் முதல் நாளிலேயே, ஊசியைக் கையில் எடுக்கும் முன், நோயாளிக்கு விளங்குகின்ற பாஷையில் அடியிற்கண்ட சங்கதிகளைச் சொல்லட்டும்:

1. நான் படித்தது இன்ன படிப்பு, இத்தனை காலம். நான் பதிவுபெற்ற டாக்டர், அல்லது அல்ல.

2. உமது நோய்க்கு இது பலன் தருமென்பதற்கு ஆதாரம் இவ்வளவுதான். இன்ன நோய்க்கு ஆதாரம் இல்லை; அதற்கு என்னிடம் வரவேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போம்.

3. டாக்டர் கொடுத்த மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்.

4. ஊசி புதியது, உம் கண் முன்னால் பிரித்து, உம் கண் முன்னால் எறியப்படும்.

5. இத்தனை தடவை, தடவைக்கு இவ்வளவு பணம். அதற்குள் குணம் தெரியாவிட்டால் நிறுத்தி விடுவேன்.

இந்த ஐந்தாவது விஷயத்தில் அமெரிக்கச் சர்க்கார் 2020-ல் வயோதிகர்களின் நாள்பட்ட இடுப்புவலிக்கு இதை அனுமதித்தபோது செய்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். 90 நாளில் 12 தடவை. குணம் தெரிந்தால் மாத்திரம் இன்னும் 8. வருஷத்தில் 20-க்கு மேல் இல்லை. குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். "ஊசி போட்டுக்கொண்டே இரும், உள்ளேயிருந்து கழிவு வெளியேறுகின்றது" என்று வருஷக்கணக்கில் இழுத்துப் பணம் பிடுங்குவதற்கு அதில் இடமே இல்லை.

இப்படிச் சொல்லும் வைத்தியருடைய தொழில் கெட்டுப் போகுமா? போகாது என்பதே நமது அபிப்பிராயம். "இந்த நோய்க்கு என்னால் ஆகாது" என்று ஒரு தடவை திருப்பி அனுப்பியவனை ஜனங்கள் மறப்பதில்லை. அடுத்தாற்போல் ஆகக்கூடிய நோயோடு ஒருவன் வரும்போது, "அங்கே போ, அவன் பொய் சொல்லமாட்டான்" என்று ஊரே கைகாட்டும். இனாம் கொடுத்து வாங்க முடியாத சிபார்சு அதுதான். அது மெதுவாக வளரும். ஆனால் ஒரு சாவோடு இடிந்து விழாது.

நமது கடமை

கடைசியாக, வைத்தியரை மாத்திரம் குறைசொல்லி என்ன பயன்? அடுத்தவரை அனுப்புகின்றவர்கள் நாம்தானே! "கைராசிக்காரர், கண்ணை மூடிக்கொண்டு போ" என்று சொல்லுகின்றவர்கள் நாம்தானே! ஆகவே இனிமேல் எவருக்கும் எந்த வைத்தியரைச் சிபார்சு செய்தாலும் நடந்ததை மாத்திரம் சொல்லுங்கள். இன்ன நோய், எத்தனை தடவை போனேன், எவ்வளவு பணம் ஆயிற்று, அதே சமயத்தில் வேறு என்ன மருந்து சாப்பிட்டேன், எவ்வளவு குறைந்தது, திரும்பி வந்ததா இல்லையா என்பவற்றைச் சொல்லுங்கள். "எனக்குக் குறைந்தது, ஊசியால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது" என்று சொல்லுவதில் யாதொரு அவமானமும் இல்லை.

இதையெல்லாம் நமது நண்பரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் சும்மா இருந்து, "என் மைத்துனி மகளுக்குச் சர்க்கரை வியாதி. அவளையும் அங்கே போகச் சொல்லியிருக்கின்றேன். 3 பேர் கணக்கில் அவள் ஒருத்தி" என்றார். "இன்சுலினை நிறுத்தச் சொன்னாரா?" என்று கேட்டோம். "இன்னும் இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாராம்" என்றார். எழுந்தார்; பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். விளம்பரம் நமது மேஜைமேலேயே கிடந்தது.

வாசகர்களில் எத்தனை பேருடைய 3 பேர் கணக்கில் அப்படி ஒருத்தி இருக்கின்றாளோ, அவர்கள் எல்லோரும் இப்பொழுதே எழுந்து போக வேண்டும்.